சுழலும் பீப்பாயில் மண் கலக்காது

சூளையில் சுடாமல், மண்ணுடன் சிறிதளவு சிமெண்ட் சேர்த்து அச்சில் அழுத்தி எடுக்கப்படும் கல் அழுத்த மண்கல் எனப்படுகிறது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1950-களில் ரவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த ‘சின்வா-ராம்’ கைப்பொறி இக்கல்லைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது. ஆரோவில்லின் பார்வையாளர் மையம் இவ்வகைக் கற்களால் எழுந்ததே. ஆயினும் இத்தொழிலில் இறங்குவோர் அழுத்தும் பொறிக்குச் செலவிடும் பணத்திலும் கவனத்திலும் ஒரு பங்கைக்கூடக் கலக்கும் பொறிக்கு ஒதுக்குவதில்லை. கல்லின் வலிமையில் பெரும்பகுதி அது அச்சுக்குள் போகுமுன்பே முடிவாகிவிடுகிறது என்பதால், இது சரியான சிக்கனம் ஆகாது.

கட்டட வேலைகளில் வழக்கமாகச் சுழலும் கான்கிரீட் மிக்சர் இதற்கு உதவுவதில்லை. அதன் பீப்பாய் கலவையை மேலே தூக்கிக் கீழே விழவிடுகிறது. விழும் ஜல்லியே கலக்கும் வேலையைச் செய்கிறது. ஜல்லியில்லாத ஈரமண்ணோ அதே அசைவில் உருண்டு உருண்டு கட்டிகளாகத் திரள, சிமெண்ட் கட்டியின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. இப்படிச் செய்த கல்லில் சிமெண்ட் படாத களிமண் முடிச்சுகள் மழையில் கரைந்து குழிகளாகும். எனவே மண்ணுக்குத் தேவை, நிலையாக நிற்கும் தொட்டியும் அதற்குள் சுழன்று மண்ணைப் பிசிறும் துடுப்புகளும்தான்.

இத்தகைய பொறியைச் சாதாரண வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். 200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாயை நீளவாக்கில் பிளந்தால் தொட்டி கிடைக்கும். ஆனால் அதன் தகடு மெல்லியது, மணல் உரசி விரைவில் தேய்வது என்பதால் உட்புறம் தடித்த இரும்புத் தகடு பதிப்பது நல்லது. தொட்டியின் நடுவே, இரு முனைகளிலும் பேரிங் தாங்கும் ஷாப்ட் ஒன்றைக் கிடையாகப் பொருத்தி, அதில் துடுப்புகளைத் திருகுசுழல் போல வரிசை மாற்றிப் பற்றவைக்க வேண்டும். ஒரு பாதித் துடுப்புகள் ஒரு சாய்விலும் மறு பாதி எதிர்ச்சாய்விலும் இருந்தால்தான் மண் ஒரு மூலையில் ஒதுங்காமல் நடுவுக்கும் ஓரத்துக்குமாக நகரும். நிமிடத்துக்கு 1,440 சுற்றுச் சுழலும் இரண்டு குதிரைத்திறன் மோட்டாரின் வேகத்தை, 40-க்கு 1 என்ற விகிதமுள்ள கியர் பாக்ஸ் 36 சுற்றாகக் குறைத்துவிடும்; இதைவிட வேகம் கூடினால் மண் கலப்பதற்குப் பதிலாக வெளியே தெறிக்கும். துடுப்புக்கும் தொட்டிக்கும் இடையிலான சந்து, சல்லடையில் தேறிய மிகப்பெரிய பருக்கையைவிட அகலமாக இல்லாவிட்டால் கல் சிக்கி ஷாப்ட் நின்றுபோகும். தொட்டிக்குக் கம்பிவலை மூடியும், மூடி திறந்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சும் இல்லாமல் இதை இயக்கவே கூடாது. சிக்கிய கல்லை எடுக்கக் கையை உள்ளே விடுவது மனித இயல்பு.

சலித்த மண் 60 கிலோவும், எடையில் 5 சதவீதமான 3 கிலோ சிமெண்டும் முதலில் உலர்வாகவே கலந்து ஒரே நிறத்துக்கு வந்தபின், பூவாளியால் தண்ணீரைத் தூவ வேண்டும். பிடித்த பிடி உருக்குலையாமல் நின்று, இடுப்புயரத்திலிருந்து போட்டால் சில துண்டுகளாக உடையும் அளவே சரியான ஈரம். சிதறித் தூளானால் நீர் போதாது, உடையாமல் நசுங்கினால் மிகுதி. இந்த அளவுக் கலவையில் சின்வா-ராம் பொறி எட்டு, ஒன்பது கற்கள் தரும். நீர்பட்ட கணத்திலேயே சிமெண்ட் இறுகத் தொடங்குவதால் அவற்றை அரை மணி நேரத்துக்குள் அழுத்தி முடிக்க வேண்டும். மிஞ்சிய கலவைக்கு மீண்டும் நீர் ஊற்றி அச்சிலிட்டால் கல் உருவத்தில் தேறினாலும் உறுதியில் தேறாது. அதைத் தரை நிரப்பப் பயன்படுத்தலாம்.