பியூஸ் கட்டை யார் பையில்?

ஒரு வீட்டில் ஒயரிங் வேலை நடக்கிறது. ஏணியின் மேல் ஒருவர் ஒயரைப் பிடித்தபடி நிற்கிறார். கீழே இருப்பவர் தெரியாமல் மெயின் சுவிட்சைப் போடுகிறார். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஒரு நொடியில் உயிர் போய்விடும்.

இதைத் தடுக்கலாம். முதலில் மெயினை அணைக்க வேண்டும். பியூஸ் கட்டையைக் கழற்றி, வேலை செய்பவரே தம் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரக் கை கூடாது. இரும்பு ஏணி கூடாது.

ஒருவரை மின்சாரம் பிடித்துவிட்டதா? அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கம்பால் ஒயரைத் தள்ளுங்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ஒயரிங் ஒப்பந்தக்காரருக்கு அரசு உரிமம் வேண்டும். வேலையில் விபத்து நடந்தால் முதலாளி நட்ட ஈடு தர வேண்டும். இதற்கு 1923-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் இந்த உரிமை உண்டு.

சிறிய ஒப்பந்தக்காரரால் பெரிய தொகையைத் தர முடியுமா? அதற்குத்தான் காப்பீடு. அவர் தம் ஆட்களுக்காக ஆண்டுதோறும் பணம் கட்டுகிறார். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் நட்ட ஈட்டைக் கொடுக்கிறது.

தொழிலாளியும் தனியாகக் காப்பீடு செய்யலாம். பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் 2015-இல் தொடங்கியது. வங்கிக் கணக்கு இருந்தால் போதும். ஆண்டுக்கு 20 ரூபாய். வயது 18 முதல் 70 வரை. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

இன்னொன்று. வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா? நீங்களே படித்துப் பாருங்கள். அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.