குளிர் காத்த புளிப்பு

ஜெர்மனியின் ரைன்காவ் பகுதியில், ரைன் நதியைப் பார்த்தபடி மேட்டில் நிற்கிறது யோஹானிஸ்பெர்க் கோட்டை. அதன் முற்றத்தில் ஒரு குதிரைவீரனின் சிலை உண்டு. 1775இல் இந்தத் திராட்சைத் தோட்டம் தொலைவிலிருந்த ஃபுல்டா ஆயருக்குச் சொந்தமாயிருந்தது; அவர் அனுமதி வராமல் அறுவடையைத் தொடங்க முடியாது. அந்த ஆண்டு அனுமதிக் கடிதத்தோடு வரவேண்டிய தூதன் தாமதித்துவிட்டான். பழங்கள் கொடியிலேயே பூஞ்சை பிடித்துச் சுருங்கின. வேறு வழியின்றி அவற்றைப் பிழிந்தபோது அருமையான வெள்ளை ஒயின் கிடைத்ததாம். ‘தாமத அறுவடை’ என்று பொருள்படும் ஷ்பேட்லேஸ வகை ஒயினுக்கு இதையே தொடக்கமாகச் சொல்கிறார்கள். அழகான கதைதான். ஆனால் புகழையெல்லாம் அது தூதனுக்கே கொடுத்துவிடுகிறது. அந்தப் புகழில் பெரும்பங்கு அந்த ஊரின் குளிருக்குச் சேர வேண்டும் என்பேன்.

திராட்சையின் புளிப்புக்குக் காரணம் முக்கியமாக இரண்டு அமிலங்கள். ஒன்று டார்டாரிக், நம் சமையலறைப் புளியில் இருப்பதும் இதுவே. எவ்வளவு கனிந்தாலும் புளியம்பழம் புளிப்பை விடுவதில்லை. டார்டாரிக் எளிதில் செலவாகாத அமிலம். மற்றது மாலிக், பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசச் செய்வது. இது அப்படிப்பட்டதல்ல. கனியத் தொடங்கிய திராட்சை தன் சுவாசத்துக்கு மாலிக்கை எரிக்கிறது. வெப்பம் கூடக் கூட அந்த எரிப்பும் வேகம் பிடிக்கிறது. ஆகவே வெயில் மிகுந்த நாட்டில் சர்க்கரை மளமளவென்று ஏறும்போதே புளிப்பு வடிந்துபோகும். அங்கே அறுவடையைத் தள்ளிப்போட்டால் இனிப்பு மட்டும் மிஞ்சிய, சப்பென்ற சாறுதான் கிடைக்கும். ரைன்காவில் இலையுதிர்கால இரவுகள் குளிர்ந்தவை. பழம் மெல்லக் கனிகிறது, மாலிக் மெல்லவே குறைகிறது. காத்திருந்தாலும் கெடாமலிருக்கும் வசதியைத் தூதனுக்கு அளித்தது அந்தக் குளிர்.

புளிப்பை விடுங்கள், சுவைக்குக் காரணம் பூஞ்சைதானே என்று கேட்கலாம். போட்ரைட்டிஸ் என்னும் அந்தப் பூஞ்சை தோலைத் துளைத்து நீரை ஆவியாக விடுகிறது, சர்க்கரை செறிவாகிறது. உண்மைதான். ஹங்கேரியின் டோக்காய் பகுதியில் 17ஆம் நூற்றாண்டிலேயே இதை அறிந்திருந்தார்கள். ஆனால் பூஞ்சை அமிலத்தையும் தின்கிறது. தொடக்கத்தில் புளிப்பு தாராளமாக இருந்தால்தான் தின்றதுபோக மிச்சம் இருக்கும். டோக்காயின் ஃபுர்மிண்ட் திராட்சையும் புளிப்புக்குப் பேர்போனதே.

அப்படியானால் எந்தக் குளிர்நாட்டிலும் இது விளையவேண்டுமே? விளையாது. இந்தத் தோட்டம் இருப்பது 50 டிகிரி வட அட்சரேகையில். முன்னாளில் திராட்சை கனியாமலே போன ஆண்டுகள் பல. இங்கே கைகொடுப்பது நில அமைப்பு. வடக்கு நோக்கி வரும் ரைன், டவுனஸ் மலை குறுக்கே நிற்பதால் மைன்ஸ் அருகே மேற்கே திரும்பி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓடுகிறது. அதனால் வடகரைச் சரிவுகள் தெற்கைப் பார்க்கின்றன. வாடைக்காற்றை மலை தடுக்கிறது. செப்டம்பர் பிற்பகுதியில் அங்கே உச்சிச் சூரியன் ஏறக்குறைய 40 டிகிரி உயரமே ஏறும். கணக்கிட்டுப் பார்த்தால், செங்குத்தாக விழும் ஒளியில் சமதரைக்குக் கிடைப்பது 64 சதவீதம். 20 டிகிரி தெற்குச் சரிவுக்கு 87 சதவீதம். குளிர்க் காற்றும் வெயில் படும் மண்ணும் ஒரே இடத்தில் வாய்ப்பது அரிது. 1720இல் தோட்டக்காரர்கள் இங்கே ரீஸ்லிங் திராட்சையைப் பேரளவில் நட்டதும் சரியான தேர்வு. அது தாமதமாகத் துளிர்ப்பதால் வசந்தகால உறைபனிக்குப் பெரும்பாலும் தப்பிவிடும், தாமதமாகவே கனியும்.

குறைந்த அமிலத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாமே என்பது வலுவான மறுப்பு. கடும் வெயில் வாட்டிய 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் ஜெர்மனிக்கும் அப்படிச் சேர்க்க விதிவிலக்கு அளித்தது. ஆனால் வெப்பம் புளிப்பை மட்டும் தொடுவதில்லை. வெயில் அதிகம் பட்ட ரீஸ்லிங்கின் தோலில், பழத்துக்கு நிறம் தரும் கரோட்டினாய்டுகள் சிதைந்து, பின்னர் மண்ணெண்ணெய் வாடை தரும் பொருளுக்கு மூலங்களாகின்றன. முதிர்ந்த ஒயினில் அது கொஞ்சம் இருந்தால் விரும்புவோர் உண்டு. இளம் ஒயினிலேயே தூக்கலாகிவிட்டால் பழமணம் அமுங்கிவிடும். அமிலப் பொடி அதைத் திருத்தாது.

வெப்பம் ஏறியதால் கனியாத ஆண்டுகள் குறைந்தது இந்த விவசாயிகளுக்கு நல்லதே. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் குளிர் மட்டுமே செய்யக்கூடிய வேலையும் உண்டு. கொடியிலேயே உறைந்த பழத்தைப் பிழிந்து எடுக்கும் ‘ஐஸ்வைன்’, யோஹானிஸ்பெர்க்கில் 1858இல் உருவானதாக அந்தத் தோட்டத்தின் வரலாறு சொல்கிறது. அதற்குப் பூச்சியத்துக்குக் கீழே குறைந்தது 7 டிகிரி குளிர் வேண்டும். 2019 பருவத்தின் பழங்களைக் கொடியில் விட்டுக் காத்திருந்தார்கள். அந்தக் குளிர் வரவில்லை; ஜெர்மனியின் 13 ஒயின் பகுதிகளிலும் ஐஸ்வைன் அறுவடை பொய்த்துப்போனது.