படம் பார்க்க விலாசம் எதற்கு?

கோவை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய புகைப்படங்களைத் திரட்டி வைத்திருக்கும் ஓர் இணையதளம், கணக்குத் தொடங்கினால்தான் படத்தைப் பெரிதாகக் காட்டுவேன் என்கிறது. மின்னஞ்சல், கைபேசி எண் இரண்டும் கட்டாயம். 'உங்கள் முகவரியை யாருக்கும் தரமாட்டோம். ஹாஷ் செய்த வடிவில் மட்டுமே விளம்பரக் கூட்டாளிகளுடன் பகிர்வோம்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஹாஷ் செய்துவிட்டால் பயமில்லைதானே?"

பயம் இருக்கிறது. இத்தனைக்கும் அந்தப் பொடி எழுத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஹாஷ் என்பதை ஒரு மாவு மில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய், மல்லி, துவரம்பருப்பு என்று சாம்பார்பொடிச் சாமானைக் கொண்டுபோய்க் கொட்டினால் பொடி வருகிறது. பொடியிலிருந்து மல்லியைத் திரும்பப் பொறுக்க முடியாது. ஆனால் இந்த மில் கொஞ்சம் விசித்திரமானது. கைப்பிடி போட்டாலும் மூட்டை போட்டாலும் வெளியே வருவது ஒரே அளவு பொடிதான்: இன்று அதிகம் புழங்கும் ஷா-256 முறையில் 256 பிட், எழுத்தில் சொன்னால் 64 எழுத்து. ஒரே ஒரு மிளகு கூடினால் போதும், பொடியின் நிறமே மாறிவிடும். முகவரியில் ஓர் எழுத்து மாறினால் 256 பிட்டில் ஏறத்தாழப் பாதி புரண்டுவிடுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், இந்த மில்லுக்கு உலகம் முழுக்கக் கிளை உண்டு. எந்தக் கிளையில் கொடுத்தாலும் அதே சாமானுக்கு அதே பொடி, இம்மி பிசகாமல்.

விளம்பரக்காரர்களுக்குப் பிடித்தது இந்தக் கடைசிக் குணம்தான். படக் காப்பகம் உங்கள் மின்னஞ்சலை அரைக்கிறது. நீங்கள் செருப்பு வாங்கிய கடையும் அரைக்கிறது. வரன் தேடிப் பதிந்த தளமும் அரைக்கிறது. மூவரும் பொடியை மட்டும் ஒரு மேஜையில் வைக்கிறார்கள். மூன்றும் ஒரே நிறம். சாமானை யாரும் யாருக்கும் காட்டவில்லை. ஆனாலும் நேற்றிரவு 1940-களின் கல்யாணப் படங்களைப் புரட்டியவரும், ஒன்பதாம் நம்பர் செருப்பு வாங்கியவரும், பெண் தேடுபவரும் ஒருவரே என்று தெரிந்துபோகிறது. பெயர் எதற்கு? பொடியே பெயராகிவிட்டது.

கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர் பட்டியலைக் கூகுளுக்கும் மெட்டாவுக்கும் ஏற்றுவது இப்படித்தான். அரைக்கும் முன் முகவரியைச் சிறிய எழுத்தாக்கி, இடைவெளிகளைக் களைய வேண்டும் என்பது விதி. ஜிமெயில் முகவரியில் உள்ள புள்ளிகளையும் நீக்கிவிடும்படி கூகுளின் வழிகாட்டுதல் சொல்கிறது. நடுவில் ஒரு புள்ளி வைத்துத் தப்பித்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் புத்திசாலிகள் கவனிக்க.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மில்லும் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு பிடி உப்பைச் சேர்த்து அரைத்தால், ஒரே சாமான் இடத்துக்கு இடம் வேறு வேறு பொடியாகும். கடவுச்சொற்களைக் காக்கும் கணினிக்காரர்கள் இப்படி ஒரு சீரற்ற எண்ணைச் சேர்த்துத்தான் அரைக்கிறார்கள். அவர்களும் அதை உப்பு என்றே சொல்கிறார்கள். பிறகு ஏன் பட்டியல் பொருத்துகிறவர்கள் பொதுவான முறையில் உப்பில்லாமல் அரைக்கிறார்கள்? ஆளுக்கொரு உப்புப் போட்டால் பொடிகள் பொருந்தாது. பொருந்தாவிட்டால் வியாபாரம் ஏது? உங்களை மறைப்பதற்காக அரைத்ததாகச் சொல்கிறார்கள். அவர்கள் அரைத்தது உங்களை அடையாளம் காணும் சௌகரியத்துக்கு.

கைபேசி எண்ணின் கதை இன்னும் மோசம். பொடியைத் திரும்பச் சாமானாக்க முடியாது என்பது உண்மைதான், ஆனால் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. இந்தியக் கைபேசி எண் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தம் 400 கோடிக்கு மேல் சாத்தியமில்லை. பையன்கள் விளையாட வாங்கும் நல்ல கிராபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்குப் பல நூறு கோடி தடவை அரைக்கும். எல்லா எண்ணையும் அரைத்து, உங்கள் பொடியோடு ஒத்துப்போவது எது என்று பார்க்க ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது.

மின்னஞ்சலுக்கும் இது நடந்திருக்கிறது. கிராவதார் என்ற சேவை, இணையத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் சின்னப் படத்தை, மின்னஞ்சலை எம்டி5 என்ற பழைய முறையில் அரைத்த ஹாஷை வைத்து எடுத்துத் தந்தது. 2020-ல் அதிலிருந்து சுமார் 16.7 கோடிப் பேரின் விவரங்கள் சுரண்டப்பட்டன. அவற்றில் 11.4 கோடி ஹாஷ்களுக்கு உரிய மின்னஞ்சல்கள் பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டுப் பரவின.

வரலாறு இல்லாமல் கட்டுரையா என்பவர்களுக்காக: 1953-ல் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன், தகவலை விரைவாகத் தேடி எடுக்க, ஹாஷ் செய்யும் இந்த யோசனையை ஒரு குறிப்பாக எழுதிவைத்தார். 1991-ல் ரொனால்ட் ரிவெஸ்ட் எம்டி5-ஐ வடிவமைத்தார். ஷா-256 அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் கைவண்ணம். போதும்.

கட்டாயப் பதிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஃபிளிக்கர் நல்ல பாடம். உலகின் பெரிய புகைப்படக் கிடங்குகளில் ஒன்றான அதை யாஹூ வாங்கியது. 2007-ல், பழைய உறுப்பினர்களும் யாஹூ கணக்கு மூலமாகத்தான் நுழைய வேண்டும் என்றது. பலர் முணுமுணுத்தார்கள். 2013-ல் யாஹூவுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். பாதிக்கப்பட்டவை 100 கோடிக் கணக்குகள் என்று 2016-ல் சொன்ன நிறுவனம், மறு ஆண்டு அதைத் திருத்தியது: மொத்தம் 300 கோடி, அதாவது அன்றிருந்த அத்தனை கணக்குகளும். பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், பிறந்த தேதி எல்லாம் போயின. கடவுச்சொற்கள் ஹாஷ் செய்யப்பட்டிருந்தன. அதுவும் வல்லுநர்கள் எப்போதோ கைகழுவிய எம்டி5-இல். வாங்கிவைக்காத தகவலைத் திருட முடியாது என்பதை இதைவிட அதிக விலை கொடுத்து யாரும் கற்றிருக்க முடியாது.

காப்பகங்கள் பக்கமும் நியாயம் உண்டு. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தானியங்கி நிரல்கள் படங்களை அள்ளிக்கொண்டு போகின்றன. 2024 ஜனவரி தொடங்கி ஓர் ஆண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில், படம், காணொளித் தரவிறக்கத்துக்கான அலைவரிசைத் தேவை 50 சதவீதம் கூடிவிட்டதாக விக்கிமீடியா 2025-ல் சொன்னது. சின்னக் காப்பகத்தின் சர்வர் இதைத் தாங்காது. கதவில் ஏதாவது தடை வேண்டும்தான். ஆனால் காவலாளிக்குத் தெரிய வேண்டியது வருவது மனிதரா நிரலா என்பதுதான். அப்பா பெயரும் வீட்டு விலாசமும் எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இங்கேதான். விலாசம் கேட்காமல் தடுப்பதற்கும் அதே மில் உதவுகிறது! 2025-ல் வெளிவந்த அனுபிஸ் என்ற கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வர் உங்கள் உலாவியிடம் ஒரு சாமானை நீட்டி, "இதோடு ஏதாவது ஓர் எண்ணைச் சேர்த்து அரை, பொடியின் முதல் நான்கு எழுத்தும் பூஜ்யமாக வரவேண்டும்" என்கிறது. குறுக்கு வழி கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்த்துச் சேர்த்து அரைத்துப் பார்க்க வேண்டியதுதான். சராசரியாக 65,536 தடவை. சரியான எண் கிடைத்ததா என்று சர்வர் ஒரே தடவை அரைத்துச் சரிபார்த்துவிடும். உங்கள் கைபேசிக்கு இது கண்சிமிட்டும் வேலை. லட்சக்கணக்கான பக்கங்களை அள்ள வந்த நிரலுக்கு மின்சாரச் செலவு எகிறும். குப்பை மின்னஞ்சலைத் தடுக்க 1997-ல் ஆடம் பேக் முன்வைத்த யோசனைதான் இது. அனுபிஸை யுனெஸ்கோவும் பயன்படுத்தியிருக்கிறது.

சர்வரோகநிவாரணி என்று சொல்லவரவில்லை. பணக்கார நிறுவனம் மின்கட்டணத்தைக் கட்டிவிட்டு உள்ளே வரும். பழைய கைபேசி திணறும். உங்கள் ஐபி முகவரி அப்போதும் பதிவாகும். ஆனால் பெயர், எண், பிறந்த தேதி எதையும் யாரும் வாங்கிவைக்கவில்லை.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-வது பிரிவு, சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்கிறது. படம் பார்க்கக் கைபேசி எண் தேவையில்லை என்று வாதாட வக்கீல் வேண்டியதில்லை.

கோவை வாசகருக்கு என் பதில் இதுதான்: மின்னஞ்சல் கட்டாயம் என்றால், ஆப்பிள், ஃபயர்ஃபாக்ஸ், டக்டக்கோ ஆகியவை தரும் மாற்று முகவரிகளில் ஒன்றை அந்தத் தளத்துக்கென்று தனியாக உருவாக்கிக் கொடுங்கள், சாமான் வேறானால் பொடியும் வேறு. கைபேசி எண் கேட்டால் கொடுக்காதீர்கள். அதே படம் விக்கிமீடியா காமன்ஸிலோ அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத் தளத்திலோ இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். அங்கே படம் பார்க்கக் கணக்குத் தேவையில்லை.