எக்ஸ்ரே முழுக்க வெள்ளை: நோயாளி பிழைப்பாரா?

2021-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவின் இரண்டாவது அலை நாட்டை உலுக்கியபோது, ஆஸ்பத்திரி வாசல்களில் அடிக்கடி கேட்ட கேள்வி, "ஸ்கோர் எவ்வளவு?" என்பதுதான்.

சி.டி. ஸ்கேன் படத்தில் நுரையீரலின் ஐந்து பகுதிகளுக்கும் தலா 5 வீதம், மொத்தம் 25-க்கு மதிப்பெண் போடுவார்கள். 8 என்றால் வீட்டாருக்கு நிம்மதி. 18 என்றால் அழுகை. ஆனால் அந்த எண் ஒன்றே நோயாளியின் தலைவிதியை எழுதிவிடுவதில்லை. அந்தப் படங்களால் விளைந்த பெரிய நன்மை வேறு.

வெள்ளை ஏன்?

எக்ஸ்ரேயில் காற்று கறுப்பாகவும், நீர் வெண்மையாகவும் விழும். வைரஸ் நிமோனியா முற்றினால் நுரையீரலின் காற்றறைகளில் நீர் கசிந்து தேங்குகிறது. கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துவிடுகிறது. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. முகமூடி வழியே கொடுக்கும் பிராணவாயு போதாதபோது, தொண்டையில் குழாய் இறக்கி வெண்டிலேட்டரில் இணைக்கிறார்கள்.

அமெரிக்காவில் டென்வர் நகர டாக்டர்கள் 1967-ல் இத்தகைய 12 நோயாளிகளைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார்கள். நுரையீரல் முழுவதும் விறைத்துப் போகிறது என்றே அப்போது கருதப்பட்டது. ஆகவே கருவி மூலம் அதிகக் காற்றை உள்ளே தள்ளினார்கள்.

குழந்தையின் நுரையீரல்

1980-களில் இத்தாலியின் மிலான் நகரில் டாக்டர் லூசியானோ கட்டினோனி குழுவினர் இந்நோயாளிகளுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தனர். எக்ஸ்ரேயில் ஒரே வெள்ளையாகத் தெரிந்தது உண்மையில் அப்படி இல்லை. மல்லாந்து படுத்திருப்பவரின் முதுகுப்பக்கம் அடைத்துக் கிடந்தது. மார்புப்பக்கம் ஓரளவு திறந்திருந்தது. திறந்த பகுதியின் அளவோ, 5, 6 வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுதான்!

குழந்தையின் நுரையீரலுக்குள் பெரியவருக்குரிய காற்றைத் திணித்தால் என்ன ஆகும்? நல்ல பகுதியும் புண்படும். சில சமயம் நுரையீரல் கிழிந்து, காற்று வெளியே கசியும்.

காற்றைக் குறைத்ததும்...

அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2000-ம் ஆண்டில் வெளிவந்தது. உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட எடையில், கிலோவுக்கு 12 மில்லி காற்று பெற்றவர்களில் நூற்றுக்கு 40 பேர் இறந்தனர். 6 மில்லி பெற்றவர்களில் 31 பேர். புது மருந்து ஏதுமில்லை. காற்றின் அளவைக் குறைத்ததற்கே இந்தப் பலன்!

நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தால், அடைபட்ட முதுகுப்பக்கம் திறக்கிறது. 466 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. தினமும் 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைத்ததில், 28 நாட்களுக்குள் நேர்ந்த மரணம் நூற்றுக்கு 33-லிருந்து 16 ஆகக் குறைந்தது. 2020-ல் டெக்சாமெத்தசோன் என்ற மலிவான மருந்து, வெண்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதும் தெரிய வந்தது.

கேட்க வேண்டிய கேள்வி

வயது, சர்க்கரை நோய், சிறுநீரகத்தின் நிலை ஆகியவையும் முடிவை நிர்ணயிக்கின்றன. ஸ்கேன் எடுத்த நாளைப் பொறுத்தும் ஸ்கோர் மாறும். பிழைத்தவர்கள் பலரின் படத்தில் வெண்மை சில மாதங்களில் மெல்ல மறைகிறது. சிலருக்குத் தழும்பு தங்கி, படியேறினால் மூச்சு வாங்கும்.

ஊரை விட்டு வந்து தனியே அறையில் தங்கியிருப்போர் ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். காய்ச்சலோடு மூச்சுத் திணறினாலோ, விரலில் மாட்டும் கருவி 94-க்குக் கீழே காட்டினாலோ, ஒரு நாள் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

நோயாளி உள்ளே இருந்தால் உறவினர் கேட்க வேண்டியது ஸ்கோர் அல்ல. "நேற்றைவிட இன்று பிராணவாயு குறைவாகத் தேவைப்படுகிறதா?" என்பதே. அந்தப் பதில், படத்தைவிட நன்றாக நிலைமையைச் சொல்லும்.