தெரு யாருடைய சொத்து?

"காசில்லாமல் கார் நிறுத்த இடம் வேண்டும்!" என்று கடைவீதியில் குரல் எழுந்தால், அது ஏழைக்காக எழுந்த குரல் போலவே காதில் விழும். 'காசில்லாமல்' என்ற சொல்லுக்கு அப்படியொரு மயக்கம்! ஆனால் தோழர்களே, கார் நிற்கும் அந்த நிலம் யாருடையது? யார் வரிப்பணத்தில் தார் போட்டார்கள்? வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறானே தொழிலாளி, அவன் பணமும் அதில் கலந்திருக்கிறது. அவனுக்குக் கார் இல்லை. ஆனால் கார்காரருக்கு இடம் கொடுக்கும் செலவில் அவனுக்குப் பங்கு உண்டு. இதுவா இலவசம்?

அமெரிக்காவிலே, லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகருக்குப் பக்கத்தில் பாசடினா என்று ஒரு சிறு நகரம். அதன் பழைய கடைவீதி ஒரு காலத்தில் சீரழிந்து கிடந்தது. கட்டடங்கள் பாழ், நடைபாதை பாழ். தெருவோரத்தில் காசில்லாமல் நிறுத்தலாம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது விதி. நடந்தது என்ன? கடைக்காரர்களும் கடைச் சிப்பந்திகளும் காலையிலேயே வந்து நல்ல இடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு மணிக்கொரு முறை வண்டியைச் சற்றே நகர்த்தி வைத்துவிட்டால் போதும், விதியும் பிழைத்தது, இடமும் பிழைத்தது! சாமான் வாங்க வந்தவர்தான் சுற்றிச் சுற்றி வந்து சலித்துப் போனார்.

மீட்டர் வைக்கலாம் என்றது நகர நிர்வாகம். "வைத்தால் வாடிக்கை போய்விடும்" என்று அலறினார்கள் வியாபாரிகள். அப்போதுதான் ஒரு வழி பிறந்தது. மீட்டரில் விழும் பணம் பொதுக் கஜானாவில் கரையாது, இந்தக் கடைவீதிக்கே செலவாகும் என்று வாக்குக் கொடுத்தார்கள். எதிர்ப்பு அடங்கிற்று. 1993-ல் சுமார் 690 மீட்டர்கள் நட்டார்கள். வரப்போகும் வருமானத்தை நம்பி 50 லட்சம் டாலர் கடன் திரட்டி நடைபாதை, விளக்கு, மரம், சந்துகள் என்று எல்லாவற்றையும் சீர்செய்தார்கள். வாடிக்கை ஓடவில்லை, பெருகிற்று.

மீட்டர் ஒன்றும் புதிய சரக்கல்ல. ஓக்லஹோமா நகரத்தில் 1935-லேயே மணிக்கு ஐந்து சென்ட் என்று வந்துவிட்டது. அதற்கு வழிகோலிய கார்ல் மகீ ஒரு பத்திரிகைக்காரர் என்பது நமக்குக் கொஞ்சம் பெருமைதான்.

"அதெல்லாம் சரி, கடைச் சிப்பந்தியும் தொழிலாளிதானே? அவனைத் துரத்துவதா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, ஊர்ச் சொத்தான தெருவைக் காட்டி "அங்கே நிறுத்திக்கொள்" என்று முதலாளி சொல்வதை நாம் ஏற்க முடியாது. வேலைக்கு வந்து போகும் செலவு கூலிக் கணக்கில் சேர வேண்டியது. கலிபோர்னியாவில் 1992-ல் சட்டமே வந்தது. 50 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்து, வாடகைக்குப் பிடித்த இடத்தில் அவர்கள் காருக்கு இடம் கொடுக்கும் முதலாளி, "எனக்குக் கார் இடம் வேண்டாம்" என்கிற ஊழியருக்கு அந்தத் தொகையை ரொக்கமாகத் தர முன்வரவேண்டும். காற்று மாசுபட்ட பகுதிகளுக்கான சட்டம் அது. ஏட்டில் இருந்த அளவுக்கு நடைமுறையில் இல்லை என்பது வேறு சங்கதி. சங்கம் கேட்காத இடத்தில் எந்தச் சட்டம் தானாக நடந்தது?

மீட்டர் இருந்தால் மட்டும் போதுமா? பணம் யார் பைக்குப் போகிறது? அதைச் சொல்ல சிகாகோ இருக்கிறது. அது பெருநகரம்தான், ஆனால் சிறு நகரங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 2008 டிசம்பரில் மேயர் டேலி, சுமார் 36,000 மீட்டர்களை 75 ஆண்டுக் குத்தகைக்கு, மார்கன் ஸ்டான்லி என்ற முதலீட்டு நிறுவனம் முன்னின்று அமைத்த கூட்டத்துக்கு ஒப்படைத்தார். விலை 115 கோடி டாலர். கிட்டத்தட்ட 97 கோடி டாலர் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று நகரத்தின் சொந்த விசாரணை அதிகாரியே 2009-ல் கணக்குக் காட்டினார். கட்டணம் ஏறிற்று. நகரம் தன் தெருவைத் தானே அடைத்து மீட்டரை நிறுத்தினால் கம்பெனிக்கு நஷ்டஈடு கட்டவேண்டும்! போட்ட முதல் கம்பெனிக்குத் திரும்பிவிட்டது. குத்தகையோ இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் மிச்சம்.

இந்த ஒப்பந்தம் நகர மன்றத்தில் விவாதிக்கப்பட்டது எத்தனை நாள் தெரியுமா? அறிவித்து இரண்டே நாளில் வாக்கெடுப்பு. ஆதரித்துக் கை தூக்கியவர்கள் 40 பேர். எதிர்த்தவர்கள் ஐந்து பேர்.