சிறுவாட்டுக்கு ஏது பாஸ்புக்? (வீட்டுப் பணம் – 7)

போன வாரம் ஏலச்சீட்டு பற்றிப் பார்த்தோம். சீட்டுப் பணமாவது நாலு பேருக்குத் தெரியும். சிறுவாட்டுப் பணம் எங்கே இருக்கிறது என்பது சேர்த்தவளுக்கும் அவள் கும்பிடுகிற சாமிக்கும் மட்டும்தான் வெளிச்சம்.

பேங்கை நம்பாத அந்தத் தலைமுறையை விவரம் தெரியாதவர்கள் என்று இன்றைக்குச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது பணத்தைப் பறிகொடுத்தவர்களில் நன்றாகப் படித்த உத்தியோகஸ்தர்களும் உண்டு. வெள்ளைக்காரன் கம்பெனி, அது கவிழாது என்று இருந்தார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. போட்டவர்களின் சூடு ஆறுவதற்குள், வி.கிருஷ்ணசுவாமி ஐயர் போன்றவர்களின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடப்பட்டது. 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி. டெபாசிட்டுக்குக் காப்பீடு என்ற ஏற்பாடே 1962இல்தான் வந்தது; அதுவும் முதலில் 1,500 ரூபாய் வரைக்கும்தான். இப்போது 5 லட்சம். அதற்கு முன்னால் பானைக்குள் பணம் வைத்தவர்களை ஏமாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் எங்கள் அம்மாயி அர்பத்நாட் பெயரைக்கூடக் கேட்டவளில்லை. பேங்க் மூழ்கிவிடும் என்ற பயம் அவளுக்கு இருந்ததே இல்லை. பேங்க் வாய் திறந்துவிடும் என்றுதான் பயம். பாஸ்புக் வந்தால் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். பணம் எடுக்கப் போனால் கூடவர ஆள் வேண்டும். இரண்டுக்கும் மகன்தான். "அங்க போட்டா உங்க மாமனுக்குத் தெரிஞ்சு போயிரும் கண்ணு" என்பாள்.

பால் ஊற்றிய காசு, கோழி விற்ற காசு எல்லாம் நகைக்கடை மஞ்சள் பையில் சுருட்டப்பட்டு, துவரம்பருப்பு டப்பாவின் அடியில் இருக்கும். ராமபாணப் பூச்சி அரிக்காமலிருக்க வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் உள்ளே உண்டு. அவள் கொடுக்கும் நோட்டில் எப்போதும் வசம்பு வாடை அடிக்கும். பத்து ரூபாய் நோட்டுகள் சேர்ந்து கட்டு பெருத்துவிட்டால் பருப்புக்கு மேலே முட்டும். உடனே சந்தைக்குப் போகும் சாக்கில் மளிகைக்காரரிடம் கொடுத்து ஐந்நூறாக மாற்றிக்கொள்வாள். மகனை நம்பாதவள் மளிகைக்காரரை நம்பினாள். அவர் கடைசிவரை மூச்சுவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

2016 நவம்பர் 8 ராத்திரி அந்தச் சாமர்த்தியமே வினையாகிவிட்டது. செல்லாமல் போனது ஐந்நூறும் ஆயிரமும். பத்து ரூபாய்களாகவே கிடந்திருந்தால் ஒரு காசு நஷ்டமில்லை, ரகசியமும் காப்பாற்றப்பட்டிருக்கும். டிசம்பர் 30க்குள் பேங்கில் கட்டியாக வேண்டும் என்றதும், யாரிடம் மறைத்தாளோ அந்த மகன் கையிலேயே மஞ்சள் பையைக் கொடுக்க நேர்ந்தது. அவளாவது தப்பித்தாள். திருப்பூர் மாவட்டத்தில் வயதான சகோதரிகள் இருவர் வைத்தியத்துக்கும் ஈமச் செலவுக்குமாகச் சேர்த்த 46,000 ரூபாய் செல்லாத நோட்டு என்று தெரிந்துகொண்டதே 2019இல்தான்.

அந்த இரண்டு மாதம் வீட்டுக்கு வீடு குட்டு உடைந்தது. எங்கள் தெருவிலேயே ஒருவர், மாட்டுக்கொட்டகை போட எதிர்வீட்டு அக்காவிடம் வட்டிக்கு வாங்கி மாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தார். அந்த அக்கா வெறும் கைமாற்று ஆள். கொடுத்தது அவருடைய மனைவியேதான் என்பது பேங்க் வரிசையில் வெளிவந்தது. அசலைப் பற்றி அவர் பேசுவதில்லை. கட்டின வட்டியையாவது திருப்பித் தரச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். "வாங்கும்போது கசக்கலியா?" என்கிறாள் அந்த அம்மா.

(தொடரும்)