எழுத்தறியும் வயது – 5: கொம்பும் காலும்

தமிழ் எழுத்து 247 என்ற கணக்கு, ஒன்றாம் வகுப்புக் குழந்தையைவிடப் பெற்றோரைத்தான் அதிகம் மிரட்டுகிறது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் போக மீதி 216-ம் உயிர்மெய். அவற்றில் பெரும்பாலானவை கால், கொம்பு போன்ற சில குறிகள் திரும்பத் திரும்ப வருபவைதான். குழந்தை உண்மையில் இடறும் இடங்கள் வேறு.

முதல் இடம், கை. அகர வரிசைப்படி தொடங்கினால் முதல் நாளே 'அ' வந்து நிற்கிறது. சுழியும் வளைவும் கோடும் சேர்ந்த அந்த எழுத்து, பென்சிலைப் பிடிக்கப் பழகாத விரலுக்குக் கடினம். ட, ப, ய ஏறத்தாழ நேர்கோடுகளே. ட, ப, ம மூன்றுடன் புள்ளியையும் காட்டிவிட்டால் படம், பட்டம், மட்டம் என்று குழந்தை உடனே சொற்களை வாசிக்கலாம். அம்மா, ஆடு, இலை என்று அட்டையைப் பார்த்து ஒப்பிப்பது வாசிப்பு ஆகாது. அங்கே படம்தான் படிக்கப்படுகிறது.

இரண்டாவது இடம், கொம்பு. 'கெ' என்பதில் காதுக்கு முதலில் கேட்பது க். கை முதலில் போட வேண்டியதோ ஒற்றைக்கொம்பு. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. க எழுதிவிட்டுப் பின்னால் வந்து கொம்பைச் செருகும் குழந்தை, ஒலியின் வரிசையை ஒழுங்காகத்தான் பின்பற்றுகிறது.

உகர வரிசை தனிச் சிக்கல். கு, மு, ரு ஒரு விதம். சு, பு, வு வேறு விதம். து, நு, று இன்னொரு விதம். ணா, றா, னா, லை போன்ற 13 எழுத்துகளின் தனி வடிவங்களை 1978-இன் சீர்திருத்தம் ஒழுங்குபடுத்தியது. உகர, ஊகாரங்களில் அது கைவைக்கவில்லை. அவற்றை இன்றும் ஒவ்வொன்றாகப் பழகித்தான் ஆக வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, பேச்சுக்கும் ஏட்டுக்கும் உள்ள தூரம். வீட்டில் எல, ஒடம்பு, வாழப்பழம். புத்தகத்தில் இலை, உடம்பு, வாழைப்பழம். 'எல' என்று எழுதும் குழந்தைக்கு எழுத்துகள் தெரியும், காதும் சரியாக வேலை செய்கிறது. அது அறியாதது எழுத்து வழக்கை மட்டுமே. சிவப்பு மையால் சுழிப்பதைவிட, இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டுவது பயன் தரும். கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டுவதன் முதன்மைப் பயனும் இதுவே: ஏட்டுத் தமிழ் கண்ணுக்கு வருமுன் காதுக்கு வந்துவிடுகிறது.

இந்த இடங்களை எல்லாக் குழந்தைகளும் ஒரே வேகத்தில் கடப்பதில்லை. 2022-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. கொரோனா விடுமுறையில் மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள் இருந்ததால் அந்தப் பிரிப்பு அவசியமாயிற்று.

சொல்வதை எழுதுதலில் மிஞ்சும் தகராறு, ஒலியில் நெருங்கிய எழுத்துகள். ண-வுக்கு மூணு சுழி, ன-வுக்கு ரெண்டு சுழி என்று பிள்ளைகளே பெயர் வைத்திருக்கிறார்கள். ந-வுக்கும் ன-வுக்கும் இடம் சொல்லிக் கொடுக்கலாம்: சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்பும் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. ல, ள, ழ-வுக்கு அப்படி எளிய விதி இல்லை. பள்ளி, பல்லி, பழி ஆகியவற்றைப் பல பக்கங்களில் பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகும்.